வீட்டு வாசலில் நின்றுபோன வண்டி: சேலம் – நாமக்கல் சாலையில் ஒரு பட்டறைப் பயணம்

சேலம் சீலநாயக்கன்பட்டியில் நான்கு வழிச் சாலை ஏறித் தெற்கே திரும்பினால் நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். பனமரத்துப்பட்டி பிரிவு, மல்லூர், அத்தனூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். இடது கைப் பக்கம் ஜருகுமலை, அதைத் தாண்டிப் போதமலை, இன்னும் தள்ளி நீல நிறத்தில் கொல்லிமலை. கீழே செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். குச்சிக்கிழங்கு, சோளம், நிலக்கடலை, கிணறு இருக்கும் இடத்தில் மஞ்சள். நடுநடுவே ஜவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களங்கள் சுண்ணாம்பு அடித்தது போல வெயிலில் கண்ணைக் கூசும்.

விடிவதற்கு முன் இந்தச் சாலையின் ஓரம் பார்த்தால், கார், லாரிக்குச் சமமாக இன்னொரு வண்டி ஓடும். பனமரத்துப்பட்டி காட்டில் பறித்த அரளி மொட்டு மூட்டை, பால் கேன், தீவன மூட்டை, கட்டுக் கட்டாகக் கிழங்குக் குச்சி, சில நேரம் முன்னால் கால் வைக்கும் பலகையில் ஓர் ஆட்டுக்குட்டி. அத்தனையும் ஏற்றிக்கொண்டு போவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். இதே நெடுஞ்சாலையில் வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டினால் வரும் ஓசூரில்தான் 1980-ல் டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற முதல் இந்திய மொபெட் அது. 45 வருடம் ஆகியும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எந்த எக்ஸ்.எல்-ஐப் பார்த்தாலும் பெரியவர்கள் வாயில் வருவது 'பிப்டி'தான்.

இந்தப் பிப்டிக்கு இந்த மாவட்டங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வருகிற ஒரு நோய் இருக்கிறது. நின்று கெடுவது.

ஊரெல்லாம் ஓட்டுகிறவர் வீட்டு வண்டி

1997 ஜனவரியில் சேலத்தில் இருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் பிழைப்பில் பெரும்பகுதி சக்கரத்தின் மேல் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடு முழுக்கப் போகின்றன. சமையல் எரிவாயு டேங்கர்கள் மங்களூர், விசாகப்பட்டினம் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் அலைகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. ரிக்கில் போகிற ஆள் பொங்கல் முடிந்து கிளம்பினால் வடக்கே மழை பிடிக்கும்வரை வீடு திரும்புவதில்லை. லாரி ஓட்டுநருக்கு மாதத்தில் சில நாள்தான் வீடு. அதுவரை அவருடைய சொந்த வண்டி வேப்ப மரத்தடியிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

பத்துச் சக்கர லாரியைப் பனிக்காலத்தில் காஷ்மீர்வரை ஓட்டிப் போய்வருகிற ஆள், வீடு வந்ததும் பால் ஊற்றப் போக எக்ஸ்.எல்-ஐ முப்பது முறை மிதித்துவிட்டு வியர்த்து நிற்பது இங்கே வேடிக்கையான காட்சி அல்ல, வாடிக்கை. ஆடி பதினெட்டுக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரம் ஆண்டகளூர்கேட் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் இப்படித் தள்ளிக்கொண்டு வரப்பட்ட வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஆள் திரும்பி வந்த வீட்டில் அது ஒரு நாள் தொந்தரவு. ஆள் திரும்பாத வீட்டில்தான் கஷ்டம். கூட்டுறவுப் பால் சொசைட்டிக்கு நேரம் உண்டு. அளவை முடிந்து கேன் வண்டி கிளம்பிவிட்டால் அந்த வேளைப் பால் வீட்டோடுதான். இரண்டு கறவை மாடு, சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர், காலையும் மாலையும். வண்டி ஓடினால் பத்து நிமிட வேலை. ஓடாவிட்டால் இடுப்பில் கேனோடு ஒரு பெண் நடக்க வேண்டும், அல்லது யாரிடமாவது கேட்டு நிற்க வேண்டும்.

"ஸ்டார்ட் ஆகுதுங்க, தெருமுனை போனா நின்னுக்குது"

ஒரு புரட்டாசிக் காலை, ராசிபுரம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு அப்படி ஒரு பெண் பழைய எக்ஸ்.எல். சூப்பரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் ரிக் வேலைக்குப் போய் எட்டு மாதம். அதுவரை பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பாலோடு இவர் பாலையும் சேர்த்து எடுத்துப் போனார். அவர் மாட்டை விற்றுவிட்டார். இனி தானே ஓட்டிப் போவதென்று பழகிக்கொண்டு வண்டியை எடுத்தால், இதுதான் நடந்தது.

"ஏனுங்கண்ணா, ஸ்டார்ட் ஆகுதுங்க. ஆக்ஸிலேட்டர் குடுத்தா அழுவுது. தெருமுனை போனா நின்னுக்குது. கார்ப்பரேட்டரே புதுசா மாத்தோணும்னு எங்க தம்பி சொல்றானுங்க."

"மாத்தறது கடைசிலீங்க அக்கா. பெட்ரோல் எப்பப் போட்டது?"

"அவங்க போறப்பப் போட்டதுதானுங்க."

மெக்கானிக் வேறெதுவும் கேட்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். இதில் பழைய வார்னிஷ் டப்பா வாசனை. அடிக் குழாயைக் கழற்றி ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்தார். பால் ஊற்றாத டீ நிறம். பாட்டிலை ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்ததும் அடியில் தனியாக ஒரு கலங்கல் தட்டு தெரிந்தது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவைதான் முதலில் தீப்பிடிக்க உதவுகின்றன. அவைதான் முதலில் ஆவியாகியும் போகின்றன. மிச்சம் இருப்பது நாளாக ஆகக் காற்றோடு சேர்ந்து பிசின் ஆகிறது. டேங்கில் லிட்டர் கணக்கில் இருப்பதைவிடக் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் சில ஸ்பூன் பெட்ரோல் சீக்கிரம் காயும். அந்தக் கிண்ணத்துக்குள் நிற்கிற பித்தளை ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். பிசின் முதலில் அடைப்பது அதைத்தான்.

எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுவது. பெட்ரோல் ஆவியாகும், ஆயில் ஆகாது. எட்டு மாதத்தில் கலவை தன்னாலேயே கெட்டி ஆகி, பிளக்கை நனைத்துக் கரியாக்கிவிடுகிறது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக். அதற்கு ஆயில் தனி என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பிசின் தொல்லை உண்டு.

கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே பச்சையும் பழுப்புமாக வெல்லப்பாகு காய்ந்தது போல ஒட்டியிருந்தது. சின்ன ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தார். ஒளி தெரியவில்லை. நல்ல பெட்ரோலில் ஊற வைத்து, காற்றடித்து, மறுபடி பிடித்தார். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத வெளிச்சம் வந்தது. வீட்டில் இதைச் செய்கிறவர்கள் பின்னூசியையோ சைக்கிள் பிரேக் கம்பியையோ விட்டுக் குத்திவிடுகிறார்கள். பித்தளை மெதுவானது. துளை ஒரு நூல் பெரிதானாலும் அந்த வண்டி அதற்குப் பிறகு பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் தம்பி சொன்னது போல மாற்றத்தான் வேண்டும். வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் ஓர் இழை போதும். அதுகூட ஊறிய பிறகுதான்.

'சோக்' போட்டால் ஓடி, எடுத்தால் நிற்கிற வண்டிக்குப் பெரும்பாலும் இந்தச் சின்ன ஜெட் அடைப்புதான் காரணம். சோக் காற்றைக் குறைக்கிறது. அடைத்த ஜெட் வழியே வருகிற சொட்டுப் பெட்ரோல் அந்தக் குறைந்த காற்றுக்குச் சரியாக இருக்கிறது. காற்று முழுதாக வந்ததும் போதாமல் போகிறது. இது தெரிந்தால் பட்டறைக்குப் போகும்போதே நோயைச் சொல்லிவிடலாம்.

டேங்கைக் கழுவி, காக்கில் இருக்கும் வலையைச் சுத்தம் செய்து, பிளக்கைத் துடைத்து வறுத்து, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே நிலக்கடலைத் தோலும் பஞ்சும். எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. அறுவடை முடிந்த காட்டில் இருந்து வருகிற எலிக்குச் சாக்குப் போர்த்திய வண்டி நல்ல வீடு. அது வயரைக் கடிக்காமல் விட்டது அதிர்ஷ்டம்.

புது பெட்ரோல், அளவாக ஆயில். இரண்டாவது மிதிக்கே வண்டி எழுந்தது. ஒரு சுற்று வெள்ளைப் புகை அடித்து அடங்கியது. அந்த அம்மா ஓட்டிப் போனார்.

பத்து நிமிடத்தில் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

இந்த இடத்தில்தான் நல்ல பட்டறைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியும். பிரித்ததையே மறுபடி பிரிக்காமல், மெக்கானிக் டேங்க் மூடியை மட்டும் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம். மிதித்தார். ஓடியது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், அதன் காற்றுத் துளையில் குளவி மண் வைத்துப் பூசியிருந்தது. டேங்கில் பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. இதை விவசாயிக்குப் புரியவைக்கத் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் 'களக் களக்' என்று விக்கி விக்கி ஊற்றுவதும் இதே கதைதான். ஒன்றிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்று, சற்றுநேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிற வண்டியென்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூடியை. செலவு ஒரு ஈர்க்குச்சி. சைலன்சர் வாயிலும் குளவி கூடு கட்டும் என்பதால் அங்கேயும் ஒரு பார்வை.

அன்று சாயங்காலப் பாலுக்கு நேரம் இருந்தது.

பெட்ரோல் மாறிய கதை

"முன்னெல்லாம் ஆறு மாசம் நின்னாலும் நாலு மிதியில எடுக்கும். இப்ப ரெண்டு மாசமே தாங்கறதில்லீங்க" என்று பட்டறைகளில் சொல்கிறார்கள். அதில் வெறும் பழைய கால ஏக்கம் மட்டும் இல்லை. 2022-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு, அதாவது இ-20, அறிமுகமாகி, 2025-க்குள் எங்கும் வந்துவிட்டது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும். வெள்ளைப் பாட்டிலின் அடியில் தெரிந்த கலங்கல் அதுதான். பெட்ரோல் குழாய் அடியில் இருந்துதான் புறப்படுகிறது என்பதால் எஞ்சினுக்கு முதலில் போவதும் அதுவே. பங்கில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் சில நேரம் சரி. ஆனால், மாதக்கணக்கில் நின்ற வண்டிக்குள் அந்தத் தண்ணீரைச் சேர்த்தது புரட்டாசி, ஐப்பசிக் காற்றாகவும் இருக்கலாம்.

பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர்களையும் எத்தனால் உப்ப வைத்து வெடிக்க வைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டிகளின் பாகங்கள் இ-20 தாங்கும்படி வருகின்றன. அதற்கு முந்தியவற்றுக்குக் குழாயை மடக்கிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் கசிந்து சூடான சைலன்சரில் விழுவது விளையாட்டு அல்ல.

இந்த எத்தனால் இந்த மாவட்டத்துக்கு அந்நியமும் அல்ல. கரும்பில் இருந்து மட்டும் எடுத்தது போய், இப்போது மக்காச்சோளமும் பெரிய மூலப்பொருள். அந்த மக்காச்சோளம்தான் நாமக்கல் முட்டைக்கோழியின் தீவனம். விலை ஏறும்போது பண்ணையாளர் கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளியையும் எத்தனால் எடுக்கத் தக்க பயிர்களில் சேர்த்திருக்கிறது. ஜவ்வரிசி விலை விழுகிற வருடங்களில் சேலம், நாமக்கல் கிழங்கு விவசாயிகளிடம் இந்தப் பேச்சு எழும். அப்படி நடந்தால், தன் காட்டில் விளைந்த கிழங்கே தன் பிப்டி டேங்கில் தண்ணீர் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம்

பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே பழைய பெட்ரோலை எடுக்கிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சுவது. ஒரு மடக்கு தவறி மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் வெந்து, உயிருக்கே ஆபத்தாகும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. வாந்தியோடு அது மூச்சில் போகும். உடனே ஆஸ்பத்திரிதான். எக்ஸ்.எல்-க்கு உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை, அடிக்குழாயைக் கழற்றிக் காக்கைத் திறந்தால் தானாக வடியும். வடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வைத்து, குழந்தை எடுத்துக் குடித்துவிட்ட சம்பவங்கள் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் தெரிந்தவை. வேலை வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். வடித்த பெட்ரோல் கிணற்று ஓரத்திலோ வாய்க்காலிலோ போகக் கூடாது. பட்டறைக்காரரிடம் கொடுத்தால் செயின் கழுவ வாங்கிக்கொள்வார்.

வண்டி நிற்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். கோழிப்பண்ணைச் சுவர் ஓரம் நிழலாகத்தான் இருக்கும். ஆனால் எருவில் இருந்து வரும் அம்மோனியாவுக்குச் செம்பும் பித்தளையும் ஆகாது. பண்ணை ஓரம் நின்ற வண்டியில் வயர் முனைகள் பச்சை பூத்திருப்பதைப் பட்டறைகளில் காட்டுவார்கள். மாட்டுக் கொட்டகைக்கும் இது கொஞ்சம் பொருந்தும்.

நிறுத்திவிட்டுப் போவதற்கு முன் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். காக்கை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாகிவிடும். காய்ந்து பிசின் ஆக அங்கே ஒன்றும் இருக்காது. மூன்று நான்கு மாதத்துக்கு மேல் போகிறவர் டேங்கையும் வடித்துவிட்டுப் போகலாம். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இது எதுவும் வேண்டாம். வாரம் ஒரு முறை கடைக்கு ஒரு நடை ஓட்டினால் போதும். கொட்டகைக்குள்ளேயே கதவைச் சாத்தி எஞ்சினை ஓடவிடுவது மட்டும் கூடாது. அந்தப் புகை மாட்டையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு எக்ஸ்.எல். 100-லும் கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஊசிமுறை வந்துவிட்டது. அதில் ஜெட் கழற்றுகிற வேலை இல்லை. நின்ற வண்டிக்கு அங்கே முதல் சந்தேகம் பேட்டரி. சாவி போட்டதும் உள்ளே பம்பு ஓடுகிற மெல்லிய 'உம்' சத்தம் கேட்கவில்லையென்றால், மிதித்துக் காலை வலித்துக்கொள்ளாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைப்பது இந்த வண்டிகளுக்கு நல்லது.

காவிரிக் கரையில்

புதுச்சத்திரம் தாண்டி நாமக்கல்லுக்குள் நுழையும்போது ஒற்றைப் பாறையும் அதன் மேல் கோட்டையும் தெரியும். அதற்கு முன்பே சாலையின் இருபுறமும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் தொடங்கிவிடும். சேஸிஸ் மட்டும் வந்து, முகம் வைத்து, பெயர் எழுதி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுகிற இடம். இங்கே எக்ஸ்.எல். மெக்கானிக்கைத் தேடினால் பெரிய வண்டிகளின் நிழலில் ஒரு தகரக் கூரைக்குக் கீழேதான் இருப்பார்.

அங்கிருந்து மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் இறங்கினால் நிலமே மாறிவிடுகிறது. காவிரித் தண்ணீர், வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு. ரிக்குக்குப் போகிறவர் இங்கே குறைவு. கொடிக்காலுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஏல நாளில் வாழைத்தாரைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலூருக்கு ஒரு நடை. இந்த வண்டிகள் நிற்பதே இல்லை. அதனால் ஜெட் அடைப்பு என்று வருகிறவரும் குறைவு. இங்கத்துப் பட்டறைகளில் கேட்கிற புகார் வேறு: பிரேக்கில் சேறு, செயினில் துரு, வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறிய பிளக். வேப்ப மரத்தடியில் சாக்குப் போர்த்திய பிப்டியைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி மேட்டு நிலத்துக்குத்தான் ஏறிப் போக வேண்டும்.